முதல் பாட்காஸ்ட்: தனியே பேசுவதா, ஆச்சியைப் பேச வைப்பதா?

கட்டுரை எழுதி வா என்பதற்குப் பதிலாகப் பாட்காஸ்ட் செய்து வா என்று மாணவர்களிடம் சொல்லும் ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள். பெரும்பாலோருக்கு இதுதான் முதல் முறை. 'எங்கள் ஊர்' என்பதற்குள் எந்தத் தலைப்பையும் எடுத்துக்கொள்ளலாம். நீளம் ஏழெட்டு நிமிடம், அவகாசம் மூன்று வாரம். அறிவித்த அன்று மாலையே வரும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "மேம், எந்த மைக் வாங்கணும்?"

மைக்கைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் எடுக்க வேண்டிய முடிவுகள் இரண்டு இருக்கின்றன. எந்த வடிவத்தில் செய்யப் போகிறோம், எங்கே உட்கார்ந்து பதிவு செய்யப் போகிறோம். இந்த இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் சாதாரண போனில் பதிவு செய்ததுகூட கேட்க நன்றாக இருக்கும். இவை சரியில்லை என்றால் எந்த மைக்காலும் பெரிதாக உதவ முடியாது. அதனால் அந்த வரிசையிலேயே போகலாம்.

எந்த வடிவம்?

மாணவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கிவிடும். தனியாக எழுதி வாசிப்பது, நண்பர்கள் சேர்ந்து பேசுவது, ஒரு பெரியவரைப் பேட்டி எடுப்பது, ஓர் இடத்துக்குப் போய் அங்கே கேட்கும் ஒலிகளைச் சேர்த்துத் தொகுப்பது.

தனியாகச் செய்வதில் யாருடைய நேரத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தடுமாறினால் அந்த வரியை மறுபடி சொல்லிக்கொள்ளலாம். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும், கூச்சம் அதிகம் உள்ளவர்களுக்கும், கையில் ஒரு வாரம்கூட மிச்சம் இல்லாதவர்களுக்கும் இதுதான் சரி. சில தலைப்புகளும் இதைத்தான் கேட்கும். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் ஆயுள் முழுக்கச் சேர்த்த புத்தகங்கள், அவர் 1992இல் மறைந்த பிறகு சென்னைக்குப் போய் 1994இல் ஆராய்ச்சி நூலகமான கதையைச் சொல்ல வேண்டுமானால், பேட்டிக்கு ஆள் தேடி அலைவதைவிடப் படித்துத் திரட்டிச் சொல்வது நல்லது. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் அமைய அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தது, 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டியது இவையும் அப்படித்தான். தேதியும் தொகையும் காகிதத்தில் இருக்கும் கதைகள் தனிக்குரலுக்குப் பொருந்தும்.

இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. கட்டுரையை எழுதிவிட்டு அதை அப்படியே வாசிக்கிறார்கள். "செட்டிநாடு என்பது சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள ஒரு பகுதியாகும்" என்று தொடங்கினால் கேட்பவர் அடுத்த வரிக்குள் வேறு நினைப்புக்குப் போய்விடுவார். கண்ணால் படிக்கும்போது பிடிபடாத வரியை மறுபடி படிக்கலாம். காதுக்கு அந்த வசதி கிடையாது. உதாரணத்துக்கு, ஆத்தங்குடி ஊரில் செய்யும் தரைக்கற்களைப் பற்றிய இந்த வரியை எடுத்துக்கொள்வோம்: "ஆத்தங்குடிக் கற்கள் கண்ணாடித் தகட்டின் மீது வார்க்கப்படுவதால் பளபளப்பான மேற்பரப்பைப் பெறுகின்றன." தகவல் சரிதான். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேலதான் வார்க்கிறாக. காய்ஞ்சதும் கல்லு தனியா, கண்ணாடி தனியா வந்துரும். கண்ணாடியில ஒட்டியிருந்த பக்கம்தான் நாம கால் வைக்கிற பக்கம். அதான் அந்தப் பளபளப்பு." ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம், நம் வாய்க்கு வரும் பேச்சு. 'வந்தாக, போனாக' என்று பேசுகிற பிள்ளை மைக்கைக் கண்டதும் 'வந்தார்கள், போனார்கள்' என்று மாறத் தேவையில்லை. எங்கள் ஊர்ப் பேச்சு எங்கள் ஊரைப் பற்றிய பாட்காஸ்டில் இருப்பதுதான் முறை என்று நான் நினைக்கிறேன். உங்கள் ஆசிரியர் எழுத்து நடைதான் வேண்டும் என்றால் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நண்பர்கள் சேர்ந்து பேசுவதைப் பலர் சுலபம் என்று நினைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். உண்மையில் இதுதான் நான்கில் கடினமானது. மூன்று பேர் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்தால் ஒருவர் குரல் மேல் இன்னொருவர் குரல் ஏறிவிடும். அதை வெட்டிச் சுத்தமாகப் பிரிப்பது மிகக் கடினம். யார் பேசுகிறார் என்பது கேட்பவருக்குத் தெரியாது. இதை நான் பரிந்துரைப்பது ஒரே ஒரு சூழலில்தான். இருவருக்கு உண்மையிலேயே கருத்து வேறுபாடு இருக்க வேண்டும். பழைய வீடுகளை ஹோட்டலாக மாற்றுவது சரியா? பராமரிக்க முடியாமல் பிரித்து, தேக்குத் தூண்களைக் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கு விற்பதைவிட அது மேல் என்று ஒருவர் சொல்லலாம். குடும்ப விசேஷத்துக்குக்கூட அங்கே இடம் இல்லாமல் போகிறதே என்று மற்றவர் கேட்கலாம். இப்படி ஒரு பொருள் இருந்தால், குரல் நன்றாக வேறுபடும் இருவர் மட்டும் உட்காருங்கள். மூன்றாவது நண்பர் எடிட் செய்யட்டும்.

இனி பேட்டி. செட்டிநாட்டில் படிக்கும் ஒரு மாணவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். நம் ஊர்களில் பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பேச நேரம் இருக்கிறது, நினைவும் இருக்கிறது. அந்த நினைவு வெகுகாலம் காத்திருக்காது. 1942இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தபோது பர்மாவிலிருந்து நடந்தே திரும்பியவர்களில் அன்று சிறுவர்களாக இருந்தவர்களே இப்போது எண்பத்தைந்தைத் தாண்டியிருப்பார்கள். 1962இல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கிகளும் கடைகளும் அரசுடைமையானபின் கப்பலேறி வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு எழுபது வயது ஆகியிருக்கும். இந்த வருடங்கள் எல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். கப்பலில் என்ன சாப்பிட்டார்கள், எந்தப் பெட்டியை விட்டுவிட்டு வந்தார்கள் என்பது அவர்களிடம் மட்டும்தான் கிடைக்கும்.

பெரிய வீட்டு ஆச்சிமார் மட்டுமே செட்டிநாடு என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு தேய்த்த கொத்தனார் குடும்பம், விசேஷ வீடுகளில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைத்த அம்மா, கண்டாங்கிச் சேலை நெய்யும் ஐயா, ஆத்தங்குடியில் கல் வார்க்கும் அக்கா இவர்களை யாரும் வந்து கேட்பதில்லை. உங்கள் சொந்தத் தெருவிலேயே தொடங்கலாம்.

பேட்டியின் தரம் கேள்வியில் இருக்கிறது. "அந்தக் காலத்துல கல்யாணம் எப்படி நடக்கும்?" என்று கேட்டால், "அப்பல்லாம் ரொம்ப விமரிசையா நடக்கும்" என்ற பதில் வரும். எல்லோரும் சொல்வது, யாருக்கும் பயன்படாதது. "உங்க கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி இந்த வீட்டுல எங்க படுத்தீங்க ஆச்சி? பக்கத்துல யாரு படுத்திருந்தாக?" என்று கேளுங்கள். இடமும் ஆளும் பொழுதும் உள்ள கேள்விக்கு அப்படிப்பட்ட பதிலே வரும். பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். கொஞ்சம் சும்மா இருங்கள். பெரியவர்கள் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கும்போது சொல்வதுதான் பல சமயம் நல்ல பகுதியாக அமையும். அவர்கள் பேசும்போது "ம்ம், ஆமா, அப்படியா" என்று குரல் கொடுக்காமல் தலையை மட்டும் அசையுங்கள். இது மரியாதைக் குறைவாகத் தோன்றுமே என்று தயங்கினால், "பதிவுல என் குரல் விழக்கூடாதுன்னு சும்மா இருப்பேன் ஆச்சி" என்று முன்னாலேயே சொல்லிவிடலாம்.

பேட்டிக்கு விலை உண்டு. ஒரு மணி நேரம் பேசியதை எட்டு நிமிடமாக்க வேண்டும். நாள் குறித்த பிறகு அவர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போகலாம், ஊரில் ஒரு துக்கம் நடக்கலாம். மைக்கைப் பார்த்ததும் சிலர் மேடைப் பேச்சுக்கு மாறிவிடுவார்கள். அதனால் முதல் நாள் போன் இல்லாமல் போய், காபி குடித்து, பேசிவிட்டு மட்டும் வாருங்கள். பதிவு இரண்டாம் முறை போகும்போது வைத்துக்கொள்ளலாம். மூன்று வாரத்தில் இதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது, ஒரு வாரத்தில் கிடையாது.

நான்காவது வகை, இடத்தின் ஒலிகளை வைத்துச் செய்வது. கேட்க மிக அழகாக இருக்கக்கூடியது, முதல் முறை செய்பவரைக் கைவிடவும் கூடியது. தலைப்பு கண்ணுக்கானதா, காதுக்கானதா என்று இங்கே யோசிக்க வேண்டும். ஆத்தங்குடிப் பட்டறைக்கு ஆசையாகப் போவார்கள். அங்கே கையால்தான் வேலை. சாயக் கலவையை அச்சுக்குள் ஊற்றுவது, அச்சை எடுப்பது, காய்ந்த சிமென்ட்டைத் தூவுவது, மேலே கலவை போட்டுத் தேய்ப்பது, பிறகு தண்ணீர்த் தொட்டியில் போடுவது. பார்த்துக்கொண்டே இருக்கலாம், ஆனால் ஒலி குறைவு. கண்டாங்கித் தறி அப்படியில்லை. தறிக்கட்டையைத் தொட்டதும் வீடே அதிரும், கேட்பவருக்குத் தறி கண்முன் வந்துவிடும். அடுப்படியும் அப்படித்தான். எண்ணெயில் வெள்ளைப் பணியாரம் விழும் சத்தத்துக்கு விளக்கமே தேவையில்லை. தை மாதத்தில் பழனிக்குப் போகும் பாதயாத்திரையின் காவடிப் பாட்டு இன்னும் ஒரு படி மேல், ஆனால் அசைன்மென்ட் தேதி தைப்பூசத்தை ஒட்டி வர வேண்டும்.

தறி ஓடும்போதே நெசவாளரிடம் கேள்வி கேட்கக் கூடாது. குரல் தறிக்குள் மூழ்கிவிடும், பிறகு மீட்க முடியாது. தறிச் சத்தத்தை மட்டும் இரண்டு நிமிடம் தனியாக எடுங்கள். தறி நின்ற பிறகு பக்கத்து அறையில் உட்கார்ந்து பேச்சை எடுங்கள். இரண்டையும் எடிட்டில் சேர்த்து, பேச்சு தொடங்கும் இடத்தில் தறியை மெல்லக் குறைத்தால் போதும்.

ஆகவே முதல் பாட்காஸ்ட்டுக்கு நான் சொல்வது கலப்பு வடிவம். பேட்டியே முதுகெலும்பு. தொடக்கத்தில் அரை நிமிடமும் நடுவில் இரண்டு மூன்று இடங்களிலும் உங்கள் குரல் வந்து, கேட்பவருக்குத் தேவையான வருடத்தையும் இடத்தையும் சொல்லட்டும். அந்த இடத்தின் ஒலி ஒன்றே ஒன்று. எட்டு நிமிடத்தில் ஐந்து நிமிடமாவது பெரியவருடைய குரல் இருக்க வேண்டும். பேச ஆள் கிடைக்காவிட்டாலோ நேரம் குறைவாக இருந்தாலோ தனிக்குரல்.

வளவா, உள்ளறையா?

இது நம் ஊருக்கென்றே உள்ள சிக்கல், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பேட்டிக்குப் போனால் வீட்டார் அன்போடு உட்கார வைக்கும் இடம் வளவோ (வீட்டின் நடுவே தூண்கள் சூழ்ந்த முற்றம்) பட்டாலையோ (அதை ஒட்டிய கூடம்)தான். வீட்டிலேயே அழகான இடங்கள். பதிவுக்கு அவைதான் மோசம். தரையில் கல், சுவரில் முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு, எட்டாத உயரத்தில் கூரை, சுற்றிலும் தூண்கள். ஒலியை உறிஞ்ச அங்கே எதுவுமில்லை. பேசும் சொல் சுவரில் பட்டுத் திரும்பி அடுத்த சொல்லின் மேல் விழும். நேரில் இருக்கும்போது நம் காது அதைப் பொறுத்துக்கொள்ளும், பதிவில் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்கும். எதிரொலியை எடிட்டில் முழுதாக எடுக்கவும் முடியாது.

சோதிக்க ஒரு கைதட்டல் போதும். தட்டிவிட்டுக் கேளுங்கள். சத்தத்துக்கு வால் நீண்டால் அந்த இடம் வேண்டாம். 'டப்' என்று அங்கேயே நின்றுவிட்டால் அதுதான் உங்கள் ஸ்டுடியோ.

பெரும்பாலும் அது வளவை ஒட்டிய அறைகளில் ஒன்றாக இருக்கும். கட்டில், பஞ்சு மெத்தை, அலமாரி நிறையச் சேலைகள், மடித்து வைத்த ஜமக்காளம் என்று நிரம்பிய சின்ன அறை. மெத்தையும் துணியும் எதிரொலியை விழுங்கிவிடும். சாதாரண வீடுகளிலும் இதே கணக்குதான்: ஹாலைவிடப் படுக்கையறை மேல், காலி அறையைவிடச் சாமான் நிறைந்த அறை மேல்.

திண்ணை எப்படி? திறந்த இடம் என்பதால் எதிரொலி குறைவு, ஆனால் தெரு உள்ளே வந்துவிடும். பைக், காக்கை, காய்கறி வண்டி. எங்கள் பக்கத்து ஊர்களில் மயிலும் சேர்ந்துகொள்ளும். பின்னணியில் கொஞ்சம் ஊர்ச்சத்தம் இருப்பது எனக்குப் பிடிக்கும், ஆனால் ஒரு வாக்கியத்தின் நடுவில் மயில் அகவினால் அந்தச் சத்தத்தை மட்டும் வெட்டி எடுக்க முடியாது. மொட்டை மாடியில் காற்று மைக்கில் மோதும், அதை நினைக்கவே வேண்டாம். வளவைத் தாண்டிப் பின்னால் இருக்கும் இரண்டாம் கட்டு, அடுப்படிப் பக்கம் என்றால் பாத்திரச் சத்தத்தோடு குக்கர் விசிலும் வரும். சமையலே தலைப்பாக இருந்தால் ஒழிய அங்கே போகாதீர்கள்.

சில ஆச்சிமார் தாங்கள் எப்போதும் உட்காரும் தூணோரத்தை விட்டு வரமாட்டார்கள். வற்புறுத்த வேண்டாம். அவர்கள் இயல்பாகப் பேசும் இடத்தின் மதிப்பு ஒலித்தரத்தைவிடப் பெரியது. அங்கேயே கீழே ஜமக்காளம் விரித்து, பக்கத்தில் இரண்டு தலையணை வைத்து, மைக்கை நெருக்கமாகக் கொண்டுபோங்கள். தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் நேரடிக் குரல் 6 டெசிபல் கூடும், எதிரொலி ஏறக்குறைய அப்படியே இருக்கும். முழத் தூரத்தில் இருக்கும் மைக் ஒரு சாண் தூரத்துக்கு வந்தாலே கேட்பவருக்கு வேறு அறை போலத் தோன்றும்.

மின்விசிறியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். சித்திரை வெயிலில் எண்பது வயதுக்காரரை விசிறி இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார வைக்கக் கூடாது. பத்து நிமிடம் நிறுத்திப் பதிவு, பிறகு விசிறியைப் போட்டு இடைவேளை, மறுபடி பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். மழையோ மார்கழியோ என்றால் இந்தச் சிக்கலே இல்லை, ஆனால் மார்கழி விடியற்காலையிலும் ஆடி மாதத்திலும் கோயில் ஒலிபெருக்கி இருக்கும். பக்கத்தில் எந்தக் கோயிலில் என்ன விசேஷம் என்று முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள். மதியம் தெரு அமைதியாக இருக்கும், ஆனால் பெரியவர்கள் படுக்கும் நேரம். காலைச் சாப்பாடு முடிந்து பத்திலிருந்து பதினொன்றரை வரை என்பது எனக்குத் தெரிந்து இருதரப்புக்கும் ஒத்துவரும் பொழுது.

பதிவு தொடங்கும் முன் போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த அறையின் அமைதியை மட்டும் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களில் ஒட்டுப்போட அது தேவைப்படும்.

கல்லூரியில் ஒலிப்பதிவு அறை இருந்தால் அது தனிக்குரலுக்கு நல்லது. ஆச்சியை அங்கே அழைத்து வருவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஹாஸ்டலில் இருப்பவர்கள் துணி அலமாரியைத் திறந்துவைத்து அதன் எதிரில் உட்கார்ந்து பேசலாம், அல்லது யாருடைய காராவது நிழலில் நின்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்காரலாம். காரின் இருக்கைகள் ஒலியை நன்றாகவே அடக்கும்.

பேச வேண்டியவர் வெளியூரில் இருந்தால் போன் அழைப்பைப் பதிவு செய்வதைவிட ஒரு நல்ல வழி இருக்கிறது. அவர் ஒரு போனில் உங்களிடம் பேசட்டும், இன்னொரு போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துத் தன் குரலைத் தானே பதிவு செய்யட்டும். பிறகு அந்தக் கோப்பை வாட்ஸப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்பினால் அது ஒலியைச் சுருக்கிவிடும்.

மைக்கும் எடிட்டும்

போன் மட்டும் போதுமா? தனிக்குரலுக்குப் போதும். போனின் அடிப்பக்கம்தான் மைக் இருக்கும். அந்தப் பக்கத்தை வாய் நோக்கி வைத்து, கையில் பிடிக்காமல் மடித்த துண்டின் மேல் வையுங்கள்.

பேட்டிக்கு, உடையில் குத்திக்கொள்ளும் வயருள்ள காலர் மைக் வாங்குவது பயனுள்ள செலவு. ஆயிரம் ரூபாய்க்குள் நல்லது கிடைக்கும். உங்கள் போனில் வட்ட ஹெட்போன் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் டைப்-சி மாற்றி வேண்டும். செருகிய பிறகு மைக்கை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பதிவைக் கேளுங்கள். தட்டிய சத்தம் மெலிதாக இருந்தால் ரெக்கார்டர் ஆப் இன்னும் போனின் சொந்த மைக்கைத்தான் கேட்கிறது என்று பொருள். பெண்களுக்கு மைக்கைக் குத்தும்போது சேலைத் தலைப்பு உரசாத இடமாகவும், கழுத்துச் சங்கிலி மோதாத இடமாகவும் பாருங்கள். ஒரே மைக் இருந்தால் அது பெரியவருக்கு. உங்கள் பகுதியைப் பிறகு வீட்டில் தனியாகப் பேசிச் சேர்த்துக்கொள்ளலாம்.

வயர்லெஸ் மைக் நடந்துகொண்டே பேசுபவர்களுக்கானது. யுஎஸ்பி மைக் லேப்டாப் முன்னால் தொடர்ந்து பாட்காஸ்ட் செய்யப் போகிறவர்களுக்கானது. ஒரு அசைன்மென்ட்டுக்கு இரண்டுமே வேண்டாம். காசு மிச்சமிருந்தால் நல்ல ஹெட்போன் வாங்குங்கள். ஸ்பீக்கரில் கேட்காத விசிறி இரைச்சல் ஹெட்போனில்தான் தெரியும்.

எடிட்டுக்குப் போனா, லேப்டாப்பா என்பது வடிவத்தைப் பொறுத்தது. ஐந்து நிமிடத் தனிக்குரலைப் போனிலேயே வெட்டிவிடலாம். ஐபோனில் கராஜ்பேண்ட் இலவசம், ஆண்ட்ராய்டில் பேண்ட்லேப் இருக்கிறது. ஒரு மணி நேரப் பேட்டியைப் போன் திரையில் வெட்டுவது கண்ணுக்கும் பொறுமைக்கும் ஆகாத வேலை. அதற்கு ஆடாசிட்டி. 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள், பழைய லேப்டாப்பிலும் ஓடும். சொந்த லேப்டாப் இல்லாவிட்டால் கல்லூரி கணினி அறையில் இரண்டு மாலை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எதில் செய்தாலும் முதல் எடிட் காகிதத்தில்தான். முழுப் பதிவையும் கேட்டு, எந்த நிமிடத்தில் என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கட்டாயம் வேண்டியவற்றுக்கு ஒரு கோடு போடுங்கள். பிறகு கணினி முன் உட்கார்ந்தால் வேலை பாதியாகிவிடும். பேச்சை நெருக்கும்போது எல்லா மௌனத்தையும் வெட்டிவிடாதீர்கள், பெரியவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில்தான் அவர்களுடைய நடை இருக்கிறது. சொன்னதன் பொருள் மாறும்படி இரண்டு வாக்கியங்களை ஒட்டவே கூடாது. இரைச்சல் நீக்கும் வசதியைக் கொஞ்சமாகப் பயன்படுத்துங்கள். அதிகமானால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதாகிவிடும்.

கோப்பின் அளவையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வேவ் (ஒலியைச் சுருக்காத கோப்பு) வடிவில் ஒற்றைத் தடத்தில் (மோனோ) பதிவு செய்தால் நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 300 எம்பிக்கு மேல். போனில் இடம் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்க்க வேண்டும். முடித்ததை 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றினால் நிமிடத்துக்கு ஒரு எம்பி அளவில் வரும், மின்னஞ்சலிலேயே அனுப்பிவிடலாம். ஆடாசிட்டியில் 'சேவ்' செய்தால் அது அந்த மென்பொருளுக்கு மட்டும் புரியும் கோப்பு. ஆசிரியருக்கு அனுப்ப 'எக்ஸ்போர்ட்' செய்ய வேண்டும்.

பின்னணி இசைக்குச் சினிமாப் பாட்டு வேண்டாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாடம் நடக்கும் போக்கில் மாணவர் பயன்படுத்துவதற்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. ஆனால் அதையே நாளை யூடியூபில் ஏற்ற நினைத்தால் சிக்கல் வரும். நம்மிடம் இருப்பதைப் பாருங்கள். எத்தனை வீடுகளில் தாலாட்டுப் பாடத் தெரிந்த ஆச்சிமார் இருக்கிறார்கள்! சம்மதித்தால் அவர்களே இரண்டு வரி பாடட்டும். அதைவிடப் பொருத்தமான தொடக்க இசையை எங்கும் தேட வேண்டாம்.

வகுப்போடு நிறுத்துவதா, வெளியிடுவதா?

ஸ்பாட்டிஃபையில் ஏற்றுவது இலவசம், யூடியூபில் ஒரு படத்தை வைத்து ஏற்றலாம். பிள்ளைகளுக்கு இந்த ஆசை வருவது இயல்பு, நல்ல வேலையை நாலு பேர் கேட்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். இருந்தாலும் பேட்டி என்றால் முதலில் வகுப்புக்கு மட்டும் கொடுங்கள். வகுப்புக்குப் பேசச் சம்மதித்தவர் உலகத்துக்குப் பேசச் சம்மதித்ததாக ஆகாது. அனுமதியை இரண்டு முறை கேட்க வேண்டும்: பதிவுக்கு முன் ஒரு தடவை, எடிட் செய்ததை அவர்கள் கேட்ட பிறகு ஒரு தடவை. இடைப்பட்ட வழியாக யூடியூபில் 'அன்லிஸ்டட்' என்று ஏற்றினால் இணைப்பு உள்ளவர்கள் மட்டும் கேட்கலாம். வெளியூரில் இருக்கும் குடும்பத்தாருக்கு அது போதுமானது.

நம் வீடுகளைப் பற்றிப் பேசும்போது கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள். பேச்சுவாக்கில் பாகப்பிரிவினை வந்துவிடும், யார் வரி கட்டவில்லை என்பது வந்துவிடும். எந்த வீடு பூட்டிக்கிடக்கிறது, சாவி யாரிடம், உள்ளே என்ன சாமான் இருக்கிறது என்றும் ஆச்சி வெள்ளந்தியாகச் சொல்லிவிடுவார். ஆள் இல்லாத வீடுகள் இத்தனை உள்ள ஊர்களில் அது திருடனுக்குக் கொடுக்கும் முகவரி. பொதுவில் ஏற்றுவது பிறகு வரும் யோசனையாக இருந்தாலும், வகுப்புக்குக் கொடுக்கும் கோப்பிலேயே அந்த வரிகளை வெட்டிவிடுங்கள். வெட்டாத முழுப் பதிவை ஒரு பென் டிரைவில் போட்டு அந்த வீட்டாரிடமே கொடுங்கள். உங்களிடம் உள்ள நகலை என்ன செய்வது என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.